ஏழு உறை லெமன் செட்

பூங்கோதை கண் விழிப்பதற்கு முன்பே அவளுடைய சந்தேகி விழித்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேரைச் சந்தேகப்பட்டு முடித்திருந்தது. பால் ஊற்றும் இயந்திரம், எதிர்வீட்டுக்காரர், காலை வணக்கம் அனுப்பிய ஒன்றுவிட்ட அண்ணன், வானிலை அறிக்கை, கடைசியாகப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் நல்லசிவம். நேற்றைய குறட்டைக்கும் இன்றைய குறட்டைக்கும் சுருதி சேரவில்லை என்றும் ஆள்மாறாட்டத்துக்கு வாய்ப்பு உண்டு என்றும் அது காதுக்குள் சொன்னது. “அவரேதான், விடு” என்று பூங்கோதை புரண்டு படுத்தாள். ஈரோட்டில் எல்லார் வீட்டிலும் பொழுது இப்படித்தான் விடிந்தது.

சந்தேகி என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிக்கப்படும் உளுந்தளவு கருவி. போன நூற்றாண்டில் மோசடிகள் பெருகிப் பெருகி, எதை நம்புவது எதை விடுவது என்று யோசித்தே மனிதர்கள் களைத்துப் போனார்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன், பரிசு விழுந்திருக்கிறது என்று ஒருவன், உங்கள் மகன் விபத்தில் சிக்கிவிட்டான் என்று ஒருவன். பாவம், எத்தனை பேரைத்தான் ஒரு மனுஷி தனியாகச் சந்தேகப்படுவாள்? அதனால் அந்த வேலையையும் கருவியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அதன் ஒப்புதல் இல்லாமல் ஒரு காசு உள்ளே வராது, வெளியே போகாது.

ஆனால் அன்றைக்குப் பூங்கோதையின் கவலை சந்தேகிக்கு எட்டாதது. அவளுடைய ஒரே மகள் இசைமதி செவ்வாய்க் கிரகத்தில், செந்நகர் என்ற குடியேற்றத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது தலைப்பிரசவம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஈரோட்டில் இருநூறு வருடமானாலும் மாறாத சட்டம். ஆனால் செவ்வாயின் குறைந்த ஈர்ப்புக்குப் பழகிய உடம்போடு, வயிற்றில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பூமிக்கு இறங்கக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மகள் வரமுடியாவிட்டால் தாய்வீடு கிளம்பிப் போகவேண்டியதுதானே?

போகலாம். இரண்டு கிரகங்களும் நெருங்கி வரும்போது மட்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கப்பல் கிளம்பும். வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்த கப்பலில் போகும்போது பேரப்பிள்ளை ஓடிவந்து, “நீங்க யாருங்க?” என்று கேட்கும். நல்லசிவத்தின் ஓய்வுப் பணத்தைக் கொட்டி இருக்கைக்குப் பாதி கட்டியாயிற்று. மீதியை வியாழக்கிழமை மாலைக்குள் கட்டாவிட்டால் இருக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விற்பதற்கு அவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, ஒரு லெமன் செட்.

லெமன் செட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி ஜக், ஆறு கண்ணாடி டம்ளர், பூப்போட்ட அட்டைப்பெட்டி. உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலும் இந்த நிமிடம் ஒன்று இருக்கிறது. யாரோ உங்களுக்குக் கொடுத்தது. நீங்கள் பிரிக்காமல் வைத்திருப்பது. அடுத்த கிரகப்பிரவேசத்துக்கு எடுத்துக்கொண்டு போகப் போவது. வெட்கப்படாதீர்கள். உங்களைப் போன்ற நல்லவர்கள் பிரிக்காமல் விட்டதால்தான் அது நூற்றைம்பது வருடம் உடையாமல் பூங்கோதை கைக்கு வந்து சேர்ந்தது.

வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் பழைய வண்ணத்தாளைக் கிழிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே புதுத்தாளைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே வந்திருந்தார்கள். அப்படி ஏழு உறை சேர்ந்திருந்தது. கடைசி உறை பூங்கோதையின் நாத்தனார் சுற்றியது, பச்சையில் தங்க மயில் போட்டது. செவ்வாயில் டம்ளரிலிருந்து கட்டில் வரை எல்லாவற்றையும் வேண்டும்போது அச்சடித்துக்கொள்கிறார்கள், வேண்டாதபோது உருக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு, ஒரு பொருளை யாருமே பயன்படுத்தாமல் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது தாங்கமுடியாத அதிசயம். மரத்தின் வயதை வளையம் எண்ணிப் பார்ப்பதுபோல் உறையை எண்ணி விலை வைத்தார்கள். உறைமதிப்பு என்று அதற்கு ஒரு பெயர். நான்கு உறைக்கே அடிதடி நடக்கும், ஏழு உறையை யாரும் பார்த்ததே இல்லை.

பூங்கோதை அதைக் கோள்சந்தையில் ஏலம் விட்டாள். கிரகம் விட்டுக் கிரகம் நடக்கும் வலையேலம் அது. அங்கே யாரும் சொந்தப் பெயரில் போகக் கூடாது, ஊர் முகவரியைச் சொல்லக் கூடாது. பூங்கோதைக்கு ‘நேர்மை நிலா’ என்று பெயர். அதை அவளே வைத்துக்கொண்டாள். ஏலத்தில் வென்ற செவ்வாய்க்காரருக்குப் பெயர் ‘செம்மண் ராணி’. விலை நாலாயிரம் மூச்சு. செவ்வாயில் காற்றுதான் காசு. ஒருவர் ஒரு மணி நேரம் சுவாசிக்கத் தேவையான காற்று ஒரு மூச்சு. நாலாயிரம் மூச்சை மாற்றினால் கப்பல் இருக்கைக்கு மீதிப் பணம் சரியாக இருந்தது.

விற்றாயிற்று. பணம் வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

செம்மண் ராணி முதலில் நேராகவே பணம் அனுப்புகிறேன் என்றார். சந்தேகி தடுத்தது. செவ்வாய்ப் பணத்தை அனுப்பியவர் மூன்று மாதம்வரை திரும்ப இழுத்துக்கொள்ள முடியும். பொருள் அங்கே போய்ச்சேர இரண்டு மாதம், வாங்கி வைத்துக்கொண்டு ‘எனக்கு வரவே இல்லை’ என்று சொல்ல ஒரு மாதம், கணக்குச் சரியாக வருகிறது என்றது. சரி, பொருளை அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றார் செம்மண் ராணி. பூங்கோதை சிரித்தாள். முதலில் பணம், அப்புறம் பொருள் என்றாள். அங்கேயும் ஒரு சந்தேகி இருக்கிறதல்லவா, அது நேர்மை நிலா என்ற பெயரை வைத்தே இவளைத் திருடி என்று முடிவு கட்டியிருந்தது.

இங்கே சொன்னது அங்கே கேட்க ஐந்து நிமிடம், பதில் வர இன்னோர் ஐந்து நிமிடம். சந்தைக்கடையில் கால் மணி நேரத்தில் முடிகிற சண்டை மூன்று நாள் நடந்தது. திட்டிவிட்டு அரிசி களைந்து உலை வைத்து வந்தால் பதில் திட்டு வந்து காத்திருக்கும். கடைசியில் இருவரும் நடுப்பெட்டிக்குச் சம்மதித்தார்கள். நடுப்பெட்டி என்பது நிலவில் இருக்கும் ஒரு பொது நிறுவனம். வாங்குபவர் பணத்தை அதனிடம் போடுவார். பொருளைக் கப்பலின் சரக்கறையில் ஊடுகதிர் வைத்துச் சோதித்து முத்திரை போட்டதும் அது விற்றவருக்குப் பணத்தை விடுவிக்கும், அதற்குப் பிறகு யாராலும் திரும்ப இழுக்க முடியாது. அதன் கூலியை யார் கொடுப்பது என்று இன்னொரு அரை நாள் சண்டை போட்டு, ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

புதன்கிழமை நடுப்பெட்டியில் பணம் விழுந்தது. பூங்கோதை சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கையைக் கூப்பினாள். கூப்பிய கையை இறக்குவதற்குள் சந்தேகி கத்தியது.

“எச்சரிக்கை. விலை நாலாயிரம். வந்திருப்பது நாலாயிரத்து ஒன்று. இது மிகைப்பண மோசடியின் முதல் படி. கூடுதலாக அனுப்பிவிட்டு, தவறிவிட்டது, மீதியைத் திருப்பித் தாருங்கள் என்பார்கள். தாங்கள் திருப்பித் தந்தபின் முதல் பணமும் பொய் என்று தெரியவரும். பரிவர்த்தனையை நிறுத்திவிட்டேன். தங்களுக்கு என் வாழ்த்துகள்.”

நிறுத்தியே விட்டது. சந்தேகியின் ஒப்புதல் இல்லாததால் நடுப்பெட்டியும் கதவைச் சாத்திக்கொண்டது. பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. ஏன் ஒரு மூச்சு அதிகம் என்று செம்மண் ராணியைக் கேட்டாள். பத்து நிமிடம் கழித்துச் செவ்வாயிலிருந்து ஒரு குரல், சந்தை விதிப்படி அடையாளம் தெரியாமல் மாற்றப்பட்ட குரல், பெருமூச்சோடு வந்தது.

“நல்ல காரியத்துக்கு வாங்குறேன். மொட்டையா நாலாயிரம்னு வெப்பாங்களா? ஒண்ணு சேத்து வெக்கணும்கறது கூடத் தெரியாத ஆளுகிட்ட வந்து மாட்டிக்கிட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்.”

பூங்கோதைக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. அவளுக்கா தெரியாது? வாழ்நாளில் அவள் எந்தக் கல்யாணத்திலும் மொட்டையாக மொய் வைத்ததில்லை. ஆனால் கோபம் தலைக்கு ஏறுவதற்குள் வேறொன்று புரிந்து, அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக மனதில் இருந்த பயம் அத்தனையும் இறங்கிப் போனது.

நல்லசிவத்தை எழுப்பினாள். “ஏனுங்க, இது திருட்டுப் பணமில்லீங்க. நம்மாளுங்க பணம். திருடறவன் ஒத்த மூச்சு சேத்து வெச்சுத் திருடுவானா?”

நல்லசிவம் வாழ்நாள் முழுக்க நெடுஞ்சாலைத் துறையில் கையெழுத்துப் போடத் தயங்கியே ஓய்வு பெற்றவர். கருவி சொல்வதைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றார். பொருளும் போய்ப் பணமும் போய்விட்டால் என்ன செய்வாய் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பெட்டியை விட்டால் அவர்களிடம் வேறு எதுவும் கிடையாது. செம்மண் ராணி திருடியாக இருந்தால் இசைமதி தலைப்பிரசவத்துக்குத் தாய் முகம் பார்க்காமல், அத்தனை கோடி மைல் தள்ளி, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அந்த மாமியாரோ கல்யாணத்தன்று பந்தியில் பாயசம் தண்ணீர் என்று சொன்னவள்.

“எம்புள்ள அங்க தனியாக் கெடக்குதுங்க. ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை செருப்பை மாட்டினாள்.

சந்தேகி மறுத்த பணத்தை வாங்குவதற்குச் சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஏமாறும் உரிமை அலுவலகம் என்று ஒன்று உண்டு. அங்கே எப்போதும் நல்ல கூட்டம். மைத்துனருக்குக் கடன் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு வரிசையிலும் காதலிப்பவர்கள் இன்னொரு வரிசையிலும் நின்றுகொண்டிருந்தார்கள். பூங்கோதை எந்த வரிசையிலும் சேராததால் இயந்திர அதிகாரி அவளை முதலிலேயே கூப்பிட்டது.

“யாரிடம் ஏமாறப் போகிறீர்கள்?”

“தெரியாதுங்க.”

“பெயர் தெரியாத, முகம் தெரியாத, வேற்றுக் கிரகத்தாரிடம். காரணம்?”

“ஒரு மூச்சு சேத்து அனுப்பியிருக்காங்க.”

அதிகாரி அந்தக் காரணத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் சற்று நேரம் முனகியது. பிறகு சட்டப்படி மூன்று முறை கேட்டது. பூங்கோதையும் மூன்று முறை வலது கையைத் தூக்கி, முழு நினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் ஏமாறச் சம்மதிக்கிறேன் என்று உரக்கச் சொன்னாள். காதலர் வரிசையில் இருந்த ஒரு பெண் கைதட்டினாள். காதுக்குப் பின்னால் சந்தேகி ஒரே ஒரு முறை, “தங்கள் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது. அதற்குக் கோபம் என்பது பூங்கோதைக்கு உடனே தெரிந்தது. வீட்டில் ஒருவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

வியாழக்கிழமை காலை பெட்டி சரக்கறைக்குப் போனது. ஊடுகதிரில் ஒரு ஜக், ஆறு டம்ளர், ஏழு உறை என்று தெரிந்து முத்திரை விழுந்தது. மதியம் பணம் வந்தது, முழுதாக வந்தது, அந்த ஒரு மூச்சோடு சேர்த்து. மாலைக்குள் பூங்கோதை இருக்கைக்குக் கட்டிவிட்டு, கோள்சந்தையில் செம்மண் ராணியைப் பற்றி ஒரு மதிப்புரையும் எழுதினாள்: ‘நச்சரிப்பு ஜாஸ்தி. காசில் நாணயம்.’ சற்று நேரத்தில் அவளைப் பற்றியும் ஒன்று வந்தது: ‘வாய் ஜாஸ்தி. பொருள் சுத்தம்.’ ஒரு மனுஷியை ஏமாற்றாமல் விட்டதற்கு இப்படியா எழுதுவது என்று பூங்கோதை கப்பல் ஏறும்வரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதப் பயணம் முழுக்கச் சந்தேகி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் யார், கொடுக்கிற சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று எதுவுமே சொல்லவில்லை. முதல் வாரம் பூங்கோதைக்கு நிம்மதியாக இருந்தது, அப்புறம் பேச்சுத்துணை இல்லாமல் போரடித்தது.

செந்நகரில் இறங்கிய பத்தாம் நாள் இசைமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்ததிலிருந்து பூங்கோதை அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. “ம்மா, போயிடாதீங்க” என்று இசைமதி கையைப் பிடித்தபோது, எங்க கண்ணு போவேன், அடுத்த கப்பலே ரெண்டு வருசம் கழிச்சுத்தானே என்று சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பி அழுதாள். குழந்தையைக் கையில் வாங்கியதும் சந்தேகி முதல்முறையாக வாய் திறந்தது. அடையாள அட்டை இல்லாத ஆள், பெயர் சொல்ல மறுக்கிறது, வந்த உடனே கத்திக் கேட்கிறது, எச்சரிக்கை என்றது. பூங்கோதை அதைக் கொஞ்சினாளா குழந்தையைக் கொஞ்சினாளா என்று தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே கொஞ்சினாள்.

பெயர் வைக்கும் நாள் வந்தது. மாமியார் செங்கமலம் செந்நகரில் சுவாசக் காற்று தயாரிக்கும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவள். யாரும் ஒரு மூச்சு அதிகமாக இழுத்துவிட முடியாதபடி முப்பது வருடம் பார்த்துக்கொண்டவள். பூங்கோதை வந்து இறங்கியதிலிருந்து அவளோடு மரியாதையாகவே நடந்துகொண்டாள். பாயசத்தைப் பற்றி இரண்டு பேருமே பேச்சை எடுக்கவில்லை. விருந்து முடிந்ததும் செங்கமலம் வந்திருந்த உறவுக்காரர்களை எல்லாம் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒரு பெரிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பூங்கோதைக்கு முன்னால் வந்து நின்றாள். தட்டில் வெற்றிலை பாக்கு, அச்சடித்த ஆப்பிள், சிவப்புத்தாளில் வெள்ளி நட்சத்திரம் போட்டுச் சுற்றிய ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒற்றை மூச்சு நாணயம்.

“பூமியிலிருந்து சம்பந்தியம்மா வர்றாங்கன்னா இங்க அச்சடிக்கிற சாமானக் குடுத்தா மதிப்பா இருக்குமா? அதான் உங்க ஊர்ப் பொருளாவே தேடிப் பிடிச்சேன்” என்றாள் செங்கமலம். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “ஏழு உறை லெமன் செட்டு. நான் சுத்துனதோட எட்டு.”

கூட்டம் வாயைப் பிளந்தது. செங்கமலம் கதையை விடவில்லை. கோள்சந்தையில் அதை ஏலம் எடுத்ததையும், விற்றவள் ஒரு மகா கஞ்சப்பிசினாரி என்பதையும், அவளுடைய வாய் இங்கிருந்து பூமி வரைக்கும் நீளும் என்பதையும், நடுப்பெட்டிக் கூலியில் பாதியைக்கூட அழுதுகொண்டே கொடுத்தாள் என்பதையும் விவரமாகச் சொன்னாள். நல்ல காரியத்துக்கு ஒன்று சேர்த்து வைத்தால் அதையே திருட்டு என்றாளாம், நாகரிகம் தெரியாத ஜென்மம். உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். “நீங்க வந்த அதே கப்பல்லதான் வந்துச்சு சம்பந்தியம்மா” என்று முடித்தாள்.

பூங்கோதை பெட்டியையே பார்த்தாள். இந்தப் பெட்டியை விற்ற காசில்தான் அவள் இங்கே வந்திருக்கிறாள். அவள் வருகிறாள் என்பதற்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறார்கள். பாயசம் தண்ணீர் என்ற வாய்க்காரி, தனக்கே தெரியாமல், சம்பந்திக்குக் கப்பல் இருக்கை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நினைக்க நினைக்கப் பூங்கோதைக்குச் சிரிப்பும் வந்தது, கஞ்சப்பிசினாரி என்றதற்கு நன்றாக நான்கு வார்த்தை கேட்கவும் வாய் ஊறியது. ஆனால் நேர்மை நிலா யார் என்று சொன்னால், பிரிக்காத பரிசை விற்றுவிட்டு வந்தவள் யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

காதுக்குள் சந்தேகி குழறியது. “இது தாங்கள் விற்ற பொருள். விற்றவருக்கு இது வேண்டாம். வாங்கியவருக்கும் வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்த்தவர் நூற்றைம்பது ஆண்டுகளாக ஒருவரும் இல்லை. இருந்தும் இருவரும் மகிழ்ச்சியாகச் சிரிக்கிறீர்கள். இதில் ஏமாந்தவர் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை.”

“சும்மா இரு. இது மரியாதை” என்று பூங்கோதை உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

கூட்டம் கலைந்தது. பெட்டியை அறைக்குள் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த இசைமதி வாசல்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“ம்மா, அத ஆசப்பட்டுப் பிரிச்சுக் கிரிச்சுடாதீங்க. அடுத்த மாசம் இவரோட தங்கச்சிக்குக் கல்யாணம் வருது. அப்படியே மேல ஒரு தாளச் சுத்துனா வேலை முடிஞ்சுது.”

“உங்க மாமியாருக்குத் தெரிஞ்சுடாதா?”

“அவங்க பொண்ணுக்குன்னு தங்கத்துல ஒரு வளையல் எடுத்து வெச்சிருக்காங்க, மத்தவங்க வெக்கிற பரிசுப் பக்கமே திரும்ப மாட்டாங்க. வேற கலர் தாளாச் சுத்திட்டாப் போதும்.”

பூங்கோதை பேத்தியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

“மஞ்சளாச் சுத்து கண்ணு” என்றாள். “மேல ஒரு மூச்சும் வெச்சுரு. மொட்டையாக் குடுக்கக் கூடாது.”